இரண்டு பொத்தான், ஐந்து சினிமா

சுரங்கம் இடிந்து மூன்றாவது நாள் என்று திரையில் எழுத்து விழுந்தது. கதாநாயகன் பாறைக்கு அடியில் ஊர்ந்து வருகிறான். முகமெல்லாம் கரி. பல் மட்டும் அப்போதுதான் விளக்கியதுபோல் பளீரென்று இருக்கிறது. மூன்று நாளாகச் சோறு இல்லையாம். ஆனால் ஓர் ஆளைத் தோளில் தூக்கிக்கொண்டு, பின்னணி இசை முடிகிற வரைக்கும் நடக்கிறான்.

நான் சிரித்துவிட்டேன். அடக்கிச் சிரிக்கிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

நித்யா டீச்சர் படத்தை நிறுத்தினார். கோயம்புத்தூர்ப் பெண். இங்கே மராட்டி நாட்டில், பாணேரில் கம்ப்யூட்டர் வேலை. சனிக்கிழமை மதியம் மட்டும் போபோடிக்கு வந்து, எங்கள் கிறிஸ்தவ சபை மண்டபத்தில், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எட்டுப் பேருக்குப் பத்தாம் வகுப்புப் பாடம் நடத்துகிறார். அந்த எட்டில் நான் ஒருவன்.

“ஐயா, மறுபடியுமா? படம் முடியட்டுங்க. அப்புறம் உங்க கருத்தச் சொல்லுங்க.”

“கருத்து என்ன டீச்சரம்மா? மூணு நாளு மண்ணுக்குள்ள கெடந்தவன் இப்படியா எந்திச்சு நடந்து வருவான்? தவந்துல்லா வரணும்.”

“இது சினிமாங்க ஐயா.”

“அதத்தான் நானும் சொல்லுதேன்.”

மண்டபம் சிரித்தது. டீச்சரும் கொஞ்சம் சிரித்துவிட்டுப் படத்தை மறுபடி ஓடவிட்டார்.

எழுபத்தொரு வயதில் எதற்குப் பள்ளிக்கூடம்?

கேட்பீர்கள். இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு, நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதும், அதை வைத்துக்கொண்டே சிஞ்ச்வட்டில் பதினான்கு பிரஸ் மெஷின் ஓடுகிற பட்டறையைக் கட்டியவன் என்பதும் தெரியும். தெரியாதவர்களுக்கு இப்போது சொல்லிவிட்டேன்.

எங்கள் சபைக்கு ஒரு பள்ளிக்கூடம் உண்டு. அதன் மேல்மாடி நான் கட்டியது. தண்ணீர்த் தொட்டி நான் வைத்தது. அதன் நிர்வாகக் குழுவில் ஓர் இடம் காலியானபோது, வேறு யார் பெயர் வரும் என்று நினைத்துப் போய் உட்கார்ந்தேன். என் தொட்டியில் தண்ணீர் குடித்து வளர்ந்த ஒருவன் எழுந்து விதியைப் படித்தான். உறுப்பினர் பத்தாவது தேறியிருக்க வேண்டுமாம். “அண்ணாச்சிக்குப் படிப்பு இல்லையே, பாவம்” என்றான்.

அந்தப் ‘பாவம்’ என்ற சொல்லுக்காகத்தான் போய்ச் சேர்ந்தேன்.

கணக்கு எனக்குப் பிரச்சினை இல்லை. இந்தி, மராட்டி இரண்டும் தெருவிலேயே படித்தாயிற்று. வம்பு இங்கிலீஷில் வந்தது. அந்தப் பாடத்துக்கு ஒரு செய்முறை வேலை உண்டாம். துணிச்சலையும் உயிர் பிழைப்பதையும் பற்றி ஐந்து படம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு படத்தைப் பற்றியும் சொந்த மனதில் தோன்றியதை ஒரு பக்கம் எழுத வேண்டும். முதலில் தமிழிலோ இந்தியிலோ எழுந்து நின்று சொல்லலாம். அப்புறம் டீச்சர் உதவியோடு இங்கிலீஷில் எழுதிக்கொள்ளலாம். ஐந்து பக்கமும் சேராவிட்டால் பரீட்சைக்கு அனுப்ப மாட்டார்கள்.

நான்கு படம், நான்கு குப்பை

முதல் படத்தில் ஒருவன் கடலில் பலகையைப் பிடித்துக்கொண்டு பதினெட்டு நாள் மிதந்தான். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழுந்து சொன்னேன்: “படம் ஆரம்பிச்சதும் படகுல ஓட்டை இருக்குன்னு ஒரு கெழவன் சொல்லுதான். இவன் கேக்கல. அப்புறம் பதினெட்டு நாளு அழுதா எனக்கென்ன?”

இரண்டாவது படத்தில் ஒரு பெண் பனிமலையில் தனியாக ஏறினாள். வானிலை சரியில்லை என்று நாலு பேர் தடுத்தும் ஏறினாள். கடைசியில் மலைக்காரர்கள் ஆறு பேர் உயிரைக் கொடுத்து அவளைக் கீழே இறக்கினார்கள். படம் முடிந்து ஓடுகிற பெயர்ப் பட்டியலில், சமையல்காரன் பெயர்கூட வந்தது. கதையில் அந்த ஆறு பேருக்கும் பெயரே இல்லை.

மூன்றாவதில் பாலைவனத்தில் லாரி நின்றுபோனது. ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காமல் கிளம்பினவனுக்கு எதற்கையா இரண்டு மணி நேரப் படம்? என் பட்டறை டெம்போ ஓட்டுநர் அப்படிக் கிளம்பியிருந்தால் இரண்டு நிமிடம் திட்டு வாங்கியிருப்பான், கதை முடிந்திருக்கும். நான்காவது காட்டுக்குள் நடந்தது. அதில் நான் பாதி தூங்கிவிட்டேன். தூங்கினதில் நஷ்டம் ஒன்றும் தெரியவில்லை.

வகுப்பில் ஆட்டோ ஓட்டுகிற ஒரு தம்பி நான்கு படத்துக்கும் அழுதான். “இன்ஸ்பிரேஷன் அங்கிள்” என்றான். டீச்சர் அவனுக்கு நல்ல மார்க் போட்டார். என் நான்கு பக்கத்தையும் திருப்பிக் கொடுத்தார்.

“ஐயா, படத்தப் பத்தி எழுதச் சொன்னா உங்களப் பத்தியே எழுதறீங்க. நாலு பக்கத்துலயும் பட்டறைதான் இருக்குதுங்க.”

“சொந்த மனசுன்னு நீங்கதான சொன்னிய? எம் மனசுல வேற என்ன இருக்கும்?”

நான் பயந்தவன்

அந்த நான்கு பக்கத்திலும் நான் எழுதியது இதுதான். உங்களுக்கும் சொல்கிறேன்.

பிரஸ் மெஷின் என்பது தகட்டை ஓர் அச்சின் மேல் வைத்து, மேலிருந்து பல டன் எடையில் ஒரே அடி அடிக்கிற யந்திரம். தகட்டைக் கையால்தான் உள்ளே வைக்க வேண்டும். கை உள்ளே இருக்கும்போது அடி விழக்கூடாது என்பதற்காக இடப்பக்கம் ஒரு பொத்தான், வலப்பக்கம் ஒரு பொத்தான் வைத்திருப்பார்கள். இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் மெஷின் இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால், உள்ளே கை இருக்க முடியாதில்லையா? அவ்வளவுதான் சூட்சுமம்.

நான் சிஞ்ச்வட்டுக்கு வந்த புதிதில் எல்லோரும் ஒரு வேலை செய்வார்கள். ஒரு பொத்தானை அமுங்கிய நிலையில் ரப்பர் வைத்துக் கட்டிவிடுவார்கள். அப்புறம் ஒரு கை தகடு வைக்கும், ஒரு கை அடிக்கும். வேகம் பிய்த்துக்கொண்டு போகும். அப்படிக் கட்டி ஓட்டுகிறவனுக்கு மர்த் என்று பெயர், ஆம்பளை என்று அர்த்தம். கட்டாதவனுக்கு டர்போக், பயந்தாங்கொள்ளி.

நான் கட்டவில்லை. பயம். பக்கத்து மெஷின்காரன் ஒருநாள் மதியம், சாப்பாட்டு மணி அடிக்கப்போகிற நேரத்தில், இரண்டு விரலை அச்சில் விட்டான். தகட்டோடு தகடாக விழுந்தது. அதற்கு முந்தின நாள்தான் எனக்கு டர்போக் என்று பட்டம் சூட்டியிருந்தான்.

எனக்கு இன்றைக்கும் பத்து விரல் இருக்கிறது. அந்தக் காலத்தில் சிஞ்ச்வட்டில் பிரஸ் ஓட்டினவர்களை அழைத்து மேசைமேல் கை வைக்கச் சொல்லுங்கள். எண்ணிப் பாருங்கள். துணிச்சல்காரர்களை எல்லாம் படம் எடுக்கிறார்கள். பிழைத்துக் கிடக்கிறவன் பயந்தவன். அவனைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை, ஏனென்றால் அவன் வாழ்க்கையில் ஒன்றும் நடக்காது.

இதை ஒவ்வொரு சனிக்கிழமையும் எழுந்து நின்று சொன்னேன். கூடவே இரண்டு வரி சேர்ப்பேன்: “ரெண்டு பொத்தானையும் அமுக்கித்தான் நான் மணிக்கு ஐநூறு அடிச்சேன். எம் பட்டறையில இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் பொத்தானக் கட்டுனதில்ல.”

எஸ்தர் எழுந்தாள்

சுரங்கப் படம் முடிந்தது. கதாநாயகன் ஒன்பது பேரை வெளியே இழுத்துப் போட்டுவிட்டான். ஆட்டோத் தம்பி வழக்கம்போல் அழுதான். நான் எழுந்தேன்.

“எல்லாம் சரி. கூரைக்கு முட்டுக் குடுக்காம அத்தன பேர உள்ள அனுப்புனவன் யாரு? அந்த மொதலாளி மூஞ்சிய ஒரு எடத்துலயாவது காட்டுனானா?”

டீச்சர் கையைத் தட்டினார். “ஐயா, மொதல் தடவையா படத்தப் பத்திப் பேசறீங்க! இதையே எழுதுங்க.”

பெருமையோடு உட்கார்ந்தேன். அடுத்து எஸ்தர் முறை. போபோடி சந்தில் குடியிருக்கிற பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். நான்கு வாரமும் எழுந்து “நல்லா இருந்துச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தவள். அன்றைக்கு உட்காரவில்லை.

“எனக்கு அந்த ஆளப் புடிச்சுது டீச்சர். உள்ள போனா கல்லு விழும்னு தெரியும். தெரிஞ்சே போறான். மத்லப், அதாவது, நானும் தினம் அப்படித்தான். மெஷின்ல எடது கை உள்ள இருக்கறப்பவே வலது கை பொத்தான அமுக்கிடும். இன்னொரு பொத்தான சைக்கிள் டியூப் வச்சுக் கட்டியிருக்கோம். கட்டலேன்னா ஐநூறு வராது. அடி மேலருந்து வர்றப்ப ஸ்தோத்திரம் சொல்லிக்குவேன். ஒவ்வொரு அடிக்கும் இல்ல, டைம் ஏது? பத்துக்கு ஒருக்கா.”

நான்தான் முதலில் குதித்தேன்.

“எந்தப் பட்டறைம்மா அது? பேரச் சொல்லு. நான் போயி அவன் சட்டையப் புடிக்கேன்.”

“உங்க பட்டறைதான், சேட்.”

நான்கு வாரமாக என்னை அங்கிள் என்று கூப்பிட்டவள். சேட் என்பது வேலைக்காரர்கள் முதலாளியைக் கூப்பிடுகிற பெயர். அந்த மண்டபத்தில் அப்படிக் கூப்பிட வேறு யாருக்கும் உரிமை கிடையாது.

“முதலாளி மூஞ்சியக் காட்டலன்னு சொன்னீங்க” என்றாள். “நான் வாரா வாரம் பாத்துட்டுத்தான் இருக்கேன்.”

“நீ எப்ப எங்கிட்டச் சேந்த?”

“மூணு வருசம். தசராவுக்கு மூணு தடவ பேடா குடுத்தீங்களே.”

தசராவன்று மெஷினுக்கு மாலை போட்டு, பூஜை முடிந்ததும் எல்லோர் கையிலும் முதலாளி பேடா என்கிற பால் இனிப்பை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவன், ஆனாலும் தசராவை விட்டதில்லை. மகன் ராபர்ட்டிடம் பட்டறையைக் கொடுத்த பிறகு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் போகிறேன். நீண்ட கைகளில் எல்லாம் பேடா வைத்தேன். பெட்டியில் பேடா போதுமா என்று பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.

“ஏம்மா, பொத்தானக் கட்டச் சொன்னது யாரு? நீ ராபர்ட்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?”

“யாரும் கட்டச் சொல்லல சேட். ஐநூறு வேணும்னு மட்டும்தான் சொல்வாங்க. முடியலன்னு போனா, ‘எங்க டாடி ரெண்டு பொத்தானும் அமுக்கி ஐநூறு அடிச்சாரு, உங்களுக்கு என்ன கேடு’ன்னு ராபர்ட் சார் கேப்பாரு. இங்க வந்தா நீங்களும் அதே கதைதான் சொல்றீங்க. மெஷின விட்டு இன்ஸ்பெக்ஷன் மேசைக்குப் போகப் பத்தாவது பாஸ் பண்ணியிருக்கணுமாம். அதுக்குத்தான் படிக்கறேன். அதுவரைக்கும் கை இருக்கணும், அவ்வளவுதான்.”

ஆட்டோத் தம்பிகூட அழவில்லை.

ஐந்நூறு

திங்கட்கிழமை காலை முதல் ஷிஃப்டுக்குப் போய் நின்றேன். பதினான்கு மெஷினில் பதினொன்றில் சைக்கிள் டியூப். மகன் ராபர்ட் கண்ணாடி அறையிலிருந்து ஓடி வந்தான். பெரிய காலேஜில் நிர்வாகம் படித்தவன். யந்திரத்தின் பக்கத்தில் நிற்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்வான், எண்ணெய் படக்கூடாதாம்.

“என்னலே இது?”

“டாடி, ஆபரேட்டர்ஸ் அவங்களா பண்றாங்க. நான் சொல்லல. டார்கெட் மட்டும்தான் குடுத்தேன். அதுவும் என் நம்பர் இல்ல, உங்க நம்பர். நீங்க அடிச்ச ஐநூறு.”

படித்தவன் தப்பு செய்தால் அதற்கும் நம் கையெழுத்தை வாங்கி வைத்திருப்பான்.

மெஷின்களை நிறுத்தச் சொன்னேன். எல்லோரையும் கூப்பிட்டேன். எழுபத்தொரு வருஷத்தில் செய்யாத ஒன்றைச் செய்தேன்.

“நான் ஐநூறு அடிச்சதே இல்ல” என்று இந்தியில் சொன்னேன். “முந்நூறு அடிச்சேனான்னும் தெரியாது. யாரும் எண்ணல. நான் மெதுவா ஓட்டுதேன்னு சொல்லி சூப்பர்வைசர் என்னைய மெஷின விட்டு எழுப்பி, அச்சு அராவுற பெஞ்சுல தள்ளுனான். அங்கதான் தொழில் படிச்சேன். அதுலதான் இந்தப் பட்டறை வந்துச்சு.”

இந்தத் தொடரின் மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, என் கைத்திறமையைக் கண்டு என்னை அச்சு பெஞ்சுக்கு அழைத்தார்கள் என்று எழுதியிருக்கிறேன். பத்திரிகையைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள்.

யாரும் கைதட்டவில்லை. சினிமாவாக இருந்தால் தட்டியிருப்பார்கள். பின்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான்.

“அப்ப சரியான நம்பர் எது டாடி?” என்றான் ராபர்ட். “நானூத்தைம்பது வைக்கலாமா?”

“எதுன்னு ஒக்காந்து பாத்தாத் தெரியும்.”

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். எஸ்தருக்குப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தேன். இரண்டு மெஷினிலும் டியூபை அறுத்தெறியச் சொன்னேன். ஒரு மணி நேரம் ஓட்டினால் கணக்கு தெரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

எஸ்தர் தகட்டுப் பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “மொத மணி நேரத்த எண்ணாதீங்க சேட். மொத மணி நேரத்துல எல்லாரும் ஹீரோதான். எட்டாவது மணிய எண்ணுங்க.”

எட்டு மணி நேரம்

மகனிடம் கொடுத்த பிறகு நான்கு வருஷமாக உட்காராத மெஷின். தகடு, இரண்டு பொத்தான், அடி, எடு. தகடு, இரண்டு பொத்தான், அடி, எடு. இரண்டாவது மணியில் முதுகு பேச ஆரம்பித்தது. மூன்றாவதில் தோள். ராபர்ட் இரண்டு தடவை வந்து “டாடி, பிபி மாத்திரை” என்றான். “வாயில போடு” என்று வாயைத் திறந்து காட்டினேன். கை பொத்தானில் இருந்தது.

எழுபத்தொரு வயது. முழு ஷிஃப்ட். பல் விளக்கிய எந்தக் கதாநாயகனையாவது வரச்சொல்லுங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் நானும் எஸ்தரும் சுவரோரம் உட்கார்ந்தோம். நாளையிலிருந்தே அவளை இன்ஸ்பெக்ஷன் மேசையில் போடச் சொல்கிறேன் என்றேன். சர்ட்டிஃபிகேட் கிடக்கட்டும், நான் சொன்னால் போதும்.

“வேணாம் சேட். பாஸ் பண்ணிட்டு வாரேன். நீங்க குடுத்தா, கோவம் வந்தா நீங்களே எடுத்துருவீங்க.”

எடுக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எடுக்கக்கூடிய ஆள்தான் நான். சப்பாத்தியை மென்றேன்.

“அந்தப் படத்துக்கு என்ன எழுதப் போறீங்க?” என்று கேட்டாள்.

“தெரியல. நீ?”

“எனக்கு அவனப் புடிச்சுதுன்னு எழுதியிருந்தேன். நேத்து அடிச்சுட்டேன். அவன் தைரியமா போகல, போகமாட்டேன்னு சொல்லத் தெரியாம போயிட்டான்னு மாத்தி எழுதினேன். டீச்சர் மார்க் கொறைப்பாங்களா?”

“கொறச்சா எங்கிட்டச் சொல்லு.”

“சும்மா இருங்க சேட், உங்களுக்கே நாலு பக்கம் பாக்கி.”

எட்டாவது மணி எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. சங்கு ஊதியபோது என் கை தானாக இன்னொரு தகட்டை எடுத்துக்கொண்டிருந்தது. ராபர்ட் மெஷினில் இருந்த எண்ணியைப் பார்த்துக் குறித்தான். கடைசி மணியில் நான் நூற்றுத் தொண்ணூறு. எஸ்தர் முந்நூற்று நான்கு.

“உங்கள எண்ண முடியாது டாடி, வயசாயிடுச்சு” என்றான். உண்மை. “ஆனா முந்நூறு வச்சா பெரிய கம்பெனி ஆர்டர் போயிரும்.”

“போகட்டும்.”

ஆர்டரில் பாதி போயிற்று. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்க வேண்டாம்.

“டார்கெட் பலகையில முந்நூறுன்னு எழுது” என்றேன். ராபர்ட் அசையவில்லை. நானே எழுதலாம் என்று மார்க்கரை எடுத்தேன். வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. எஸ்தர் என் கையிலிருந்து மார்க்கரை வாங்கி, ஐந்நூறை உள்ளங்கையால் அழித்தாள். இருநூற்று எண்பது என்று எழுதினாள்.

“முந்நூறுன்னுல்லா சொன்னேன்?”

“இன்னைக்கு நீங்க பக்கத்துல ஒக்காந்திருந்தீங்க சேட். அதுக்காகக் கொஞ்சம் வேகமா அடிச்சேன். மத்த நாள் இவ்வளவுதான் வரும்.”

மார்க்கரை மூடி என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனாள். ராபர்ட் ஏதோ சொல்ல வந்தான். நான் அவன் பின்னால் கட்டியிருந்த கையைப் பார்த்தேன். அப்படியே கண்ணாடி அறைக்குப் போனான்.